சிகரெட் டின்னுக்குள் சீர்திருத்தக்காரர்கள்

"இந்தத் தாடிக்காரர் எல்லாம் ஆரெண்டு எனக்கே தெரியாது. உமக்கு எப்பிடிப் பிள்ளை தெரியப்போகுது?"

தலைமைக் கிராணி, எங்கள் ஆபீஸின் பெரிய எழுத்தர், இப்படிக் கேட்டது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப்பட்டை, ஞாயிறு தவறாமல் தேவாலயம். கேட்டுவிட்டு என் பதிலுக்காக நிற்கவும் இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

என் மேசைமேல் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி. அதில் வட்ட வட்டமாகக் குழிகள், குழிக்கு ஒரு வெண்கலப் பதக்கம். சில உளுந்துவடை அளவு, சில அதைவிடச் சின்னவை. எல்லாவற்றிலும் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு மனித முகம். தொப்பி வைத்த முகம், மார்புவரை தாடி தொங்கும் முகம், கழுத்துத் தடித்த ஒரு முகம். முகத்தைச் சுற்றி விளிம்போடு விளிம்பாக எழுத்துகள். அவை நான் பள்ளியில் படித்த ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் எந்த வார்த்தையும் நான் படித்த வார்த்தை இல்லை.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ கை பரபரத்தது. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சீனன் கடை மிட்டாய்ப் புட்டியைப் பார்ப்பார்களே, அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலாக்கா டவுனில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய வீடு ஒன்றில், பழம்பொருள்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக ஒரு கமிட்டி ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பீரங்கிக் குண்டு, பாபா சீனர் வீட்டு மணிச்செருப்பு, உடைந்த பீங்கான் என்று எதையெதையோ ஊரார் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். இந்தப் பெட்டியைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் மனைவி. கணவர் இறந்ததும், அவர் ஆசையாகச் சேர்த்த இதை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். எந்தப் பதக்கம் யாருடையது என்று டாக்டர் எழுதிவைத்த சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியது பெட்டிமேல் ஒட்டியிருந்த ஒரே வரி: ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தக்காரர்கள், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தியவர்கள்.

என் வேலை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கார்டு எழுதுவது. மூன்று மாதத் தற்காலிக வேலை. கார்டுகள் கமிட்டிக்குப் பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டி ஸ்டோர் அறைக்குப் போகும், நான் தோட்டத்துக்குப் போவேன். தோட்டத்தில் எனக்காக ஓர் இடமும் தயாராக இருந்தது. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டும் என்று தோட்டத்துக் கிராணி என் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார். அம்மா பாதி தலையாட்டியும் விட்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். சீனியர் கேம்பிரிட்ஜ் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு லயத்துச் சுவரில் மாட்டியதும் நான்தான். அம்மா மாட்டவில்லை. பால் நிறுக்கப் போவதற்கா அதை மாட்டினேன்?

பள்ளி நூலகத்தில் ஒரு லத்தீன் அகராதி இருந்தது என் நினைவுக்கு வந்தது. பழைய மாணவி என்ற உரிமையோடு போய்க் கேட்டு வாங்கி வந்தேன். முதல் வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடியும் அகராதியுமாகக் கழிந்தது. நாம் 'யு' எழுதும் இடத்தில் அவர்கள் 'வி' போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த அன்று, நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். தலைமைக் கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன, பூரானோ?"

"இல்ல சார். இவருக்கு வயசு ஐம்பது சார்!"

"ஆருக்கு?"

"இந்தக் கழுத்து தடிச்சவருக்கு. இங்க எழுதியிருக்கு."

"அப்ப என்னைவிட இளம் ஆள்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தாளில் குனிந்துகொண்டார்.

விளிம்பில் கிடைத்த பெயர்களைப் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் தேடத் தேட, ஒவ்வொரு முகமாக வாய் திறந்தது. தடித்த கழுத்துக்காரர் ஜெர்மனியில் துறவியாக இருந்து தன் சபையையே கேள்வி கேட்டவர். நீளத் தாடிக்காரர் மலைநாட்டு நகரம் ஒன்றில் போதகராக இருந்தவர். வேறொருவர் கையில் ஒரு புத்தகம். அதன் தாளோரக் கோடுகளைக்கூட அந்தக் கைவினைஞன் விடவில்லை. இவற்றை நாணயம் போல அடித்துச் செய்யவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. எங்கள் கோயில் உற்சவ மூர்த்தி போல இவையும் வார்ப்பு. விளிம்பில் அரம் ராவிய தடம் தெரிந்தது.

இரண்டு விஷயங்கள் மட்டும் பிடிபடவில்லை. துறவியின் பதக்கத்தில் தலைக்கு மேலே, எழுத்துகளுக்கு நடுவில், ஒரு துளை. இவ்வளவு அழகாகச் செய்ததை எவன் துளை போட்டுக் கெடுத்தான்? இன்னொன்று, அவர் மூக்கு. கண்ணிமை, தலைமுடி, காது எல்லாம் நேற்றுச் செய்தது போல இருக்க, மூக்கும் கன்னமும் மட்டும் தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை மாலை தலைமைக் கிராணி என் மேசைக்கு வந்தார். "திங்கள் பின்னேரம் கமிட்டி கூடுது. முதல் கார்டை நான் அவைக்குக் காட்ட வேணும். ஏதும் எழுதினீரோ?"

காட்டினேன். 'வெண்கலம். வார்ப்பு. ஜெர்மன் துறவி, சமயச் சீர்திருத்தக்காரர். மேலே துளை உள்ளது.'

அவர் இரண்டு தரம் படித்தார். "பிழையில்லை. ஆனா பிள்ளை, இதைப் படிச்சிட்டு ஆர் நிண்டு பாப்பினம்? அடுத்த அறைக்குப் போயிடுவினம். துளை உள்ளதெண்டு எங்களுக்கும் தெரியுதுதானே. திங்களுக்கு முன்னம் வேற எழுதும். இல்லாட்டி இந்தப் பெட்டியை ஸ்டோரில வைக்கச் சொல்லுறன்."

பதக்கங்களை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. வார இறுதியில் நான் வீட்டுக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் சின்ன வயசு விளையாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஒரு காசுமேல் வைத்துப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் காசின் முகம் அப்படியே தாளில் எழும்பும். தலைமைக் கிராணியின் குப்பைக்கூடையில் வெள்ளித்தாளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு தாள் வைத்துத் தேய்த்தேன். நசுங்காமல் இருக்க, பின்பக்கக் குழிகளில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். வெள்ளி போல மினுமினுக்கும் முகங்கள் வரிசையாக நின்றன. அவற்றைக் காலி சிகரெட் டின் ஒன்றில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் தோட்டம் டுரியான் துங்கால் ஊருக்கு அப்பால். அவசரகாலம் வந்த பிறகு லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குத் தள்ளிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். காட்டில் ஒளிந்து அரசோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசியும் போகக் கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் அங்கே சோதிப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், சாப்பிட உட்காரும் பலகைமேல் முகங்களைப் பரப்பினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"யாருடி இவனுங்க? எல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறானுங்க."

"சாமியப் பத்தி புதுசாப் பேசினவங்கம்மா. செத்து நானூறு வருஷம் ஆச்சு."

"நெசப் பதக்கம் இப்படியே பளபளன்னு இருக்குமா?"

"இல்லம்மா, கறுப்பும் பழுப்புமா இருக்கும்."

"புளி போட்டுத் தேய்க்கச் சொல்லு. இவ்ளோ பெரிய ஆபீஸ்ல புளி இல்லையாலா?"

"ஐயோ, தேய்க்கவே கூடாது! அந்தக் கறுப்புதான் அதுக்கு அழகு."

"நல்லா இருக்கே கதை. நம்ம வீட்டுக் குத்துவிளக்கு அப்படி இருந்தா நாலு பேரு சிரிப்பாங்க" என்றாள். பிறகு துறவியின் முகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "இந்த மாதிரிதான் உங்கப்பா ஒண்ணு குத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அப்பா ஒரு சங்கத்தில் இருந்தார். சாதி பார்க்காதே, கள் குடிக்காதே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு என்று சொல்லும் சங்கம். அதன் தலைவர் ஒருவரின் முகம் பதித்த பித்தளை வில்லையைக் கல்யாண வீடுகளுக்குப் போகும்போது சட்டையில் குத்திக்கொள்வார். பந்தியில் அவரைத் தள்ளி உட்காரவைத்தவர்கள் உண்டு. நான் பள்ளிக்குப் போனதே அந்த வில்லையால்தான் என்று நினைக்கிறேன்.

"அது எங்கம்மா இப்ப?"

"அவசரகாலம்னு சொன்ன வாரமே கக்கூஸ்ல போட்டுட்டேன். சங்கம்னாலே புடிச்சுக்கிட்டுப் போனாங்கல்ல. எந்தச் சங்கம்னா கேக்கப் போறான்?"

கதவோரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார். "வில்லையத்தான் போட்டா. புள்ள படிச்சிருச்சில்ல."

அந்தப் பேச்சு அப்போது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஞாயிறு முழுக்கக் கார்டை எழுதி எழுதிக் கசக்கினேன். எதை எழுதினாலும் பாடப்புத்தகம் போலவே வந்தது.

திங்கள் விடியலில் கேட்டில் வரிசை. பால் வாளியோடு அம்மாவும் மற்ற பெண்களும் முன்னால், டவுன் சேலையில் நான் பின்னால். பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ் அக்கா இருந்தார், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவரின் மனைவி. என் கைப்பையைத் திறந்து டின்னைக் குலுக்கினார்.

"என்ன தங்கச்சி, அரிசியா?"

"இல்லக்கா. திறந்து பாருங்க."

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அடி ஆத்தீ. யாரு இந்தத் தாடிக்காரனுங்க?"

அவ்வளவுதான். மலாய்க்கார சார்ஜன் நடந்து வந்தார். நீளத் தாடிக்காரரை விரலால் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். காட்டுக்காரர்களின் நோட்டீஸ்களில் அவர் பார்த்திருந்த ஒரே வெளிநாட்டு முகமும் தாடி வைத்த முகம். சுற்றிலும் புரியாத எழுத்து, சட்டையில் குத்தத் தோதான அளவு, ஒன்றுக்குப் பல. அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

"இனி சியாப்பா?" என்றார். இது யார்?

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையின் முன்னாலிருந்து அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது. "சார்ஜன்! அதுங்க செத்து நானூறு வருஷம் ஆச்சுலா! செத்தவனப் புடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

வரிசை சிரித்தது. சார்ஜன் சிரிக்கவில்லை. என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து ஜீப்பின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். "அது ஆபீஸ்ல வேல செய்யிற புள்ள, ஆபீஸ் சாமான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது வண்டி நகர்ந்த பிறகும் கேட்டது. பால் கொட்டகைக்கு எழுதப் போகிற பிள்ளை என்று அவள் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒரு சின்ன வயது வெள்ளைக்காரர். டின்னை மேசைமேல் கவிழ்த்தார். துறவி மல்லாந்து விழுந்து கூரையைப் பார்த்தார். பின்னேரம் கமிட்டி. கார்டு எழுதவில்லை. எழுத வேண்டியவள் போலீஸில் உட்கார்ந்திருக்கிறாள். தலைமைக் கிராணிக்கு இதைவிட என்ன சாக்கு வேண்டும்?

"இவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சமயச் சீர்திருத்தக்காரர் சார். ஜெர்மனியில் இருந்தவர்."

"இந்த முகத்தை எதற்காகச் செய்தார்கள்?"

"அவர் பேச்சை நம்பியவர்கள் வைத்துக்கொள்வதற்காக இருக்கும் சார்."

"அப்படியானால் இது ஓர் இயக்கத்தின் சின்னம்."

"ஆமாம் சார்."

"தடை செய்யப்பட்ட இயக்கமா?"

"சில ஊர்களில் ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்ளும் முன்பே அடுத்ததும் வந்துவிட்டது. "அங்கே இதோடு பிடிபட்டால் ஆபத்துதான். அதனால் வெளியே குத்தாமல் உள்ளே..."

நின்றுவிட்டேன். உள்ளே. சட்டைக்கு உள்ளே, கயிற்றில் கோத்து. அதற்குத்தான் அந்தத் துளை! அழகைக் கெடுக்கப் போட்டதில்லை. யாரோ ஒருவன் அந்த முகத்தைத் தன் நெஞ்சில் தொங்கவிட்டிருக்கிறான். பயம் வந்தபோதெல்லாம் கையை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் தடவியிருக்கிறான். தடவித் தடவி மூக்கு தேய்ந்திருக்கிறது. அவன் ஊரிலும் ஒரு கேட் இருந்திருக்கும். அவன் மனைவியும் ஒருநாள் அதைத் தூக்கிப் போட்டுவிடு என்று கெஞ்சியிருப்பாள்.

"சார், ஒரு பென்சில் கிடைக்குமா?"

"என்ன?"

"தயவுசெய்து சார். மறந்துவிடுவேன்."

இன்ஸ்பெக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் பென்சிலைக் கொடுத்தார். டின்னுக்குள் சுற்றிவைத்திருந்த தாளில் கிறுக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அவர் எங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டார். என் காதில் விழுந்தது அவர் பேசிய பக்கம் மட்டும். ஆம். இளம் பெண். ஆம், தாடி. பிறகு, "இந்த மனிதர்கள் யார் என்று நீங்கள் உறுதி சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் என் பென்சிலும் நின்றுவிட்டது.

போனை வைத்தவர் முகத்தில் சிரிப்பு. "உங்கள் தலைமைக் கிராணி சொல்கிறார், இவர்கள் யார் என்று தனக்குத் தெரியாதாம். இந்த மாநிலத்திலேயே அதைத் தெரிந்தவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்தானாம். சீக்கிரம் அனுப்பிவைக்கச் சொல்கிறார், பின்னேரம் கமிட்டியாம்."

நான் முகங்களை ஒவ்வொன்றாக டின்னில் அடுக்கினேன்.

"அடுத்த முறை இவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் என்னிடம் முதலில் ஒரு பர்மிட் வாங்குங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது தலைமைக் கிராணி வாசலிலேயே நின்றார். "பொலிசிலயிருந்து கோல் வருகுது! என்ர சேவையில இப்பிடி ஒரு கோல் வந்ததில்லை. வெள்ளித்தாளில பொம்மை செய்து கொண்டு திரியிறீரோ?"

"கார்டு எழுதிட்டேன் சார்."

"எங்க எழுதினீர்?"

"ஸ்டேஷன்ல."

தாளை வாங்கிப் படித்தார். நான் எழுதியிருந்தது இதுதான்:

'இந்தத் துறவியின் முகத்தை யாரோ ஒருவர் கழுத்தில் கட்டியிருந்தார். மேலே உள்ள துளை அதற்காக இருக்கலாம். பிடிபட்டால் ஆபத்து என்ற இடங்களில் இத்தகைய முகங்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்கள். மூக்கைப் பாருங்கள். அது காலத்தால் தேயவில்லை, கட்டைவிரலால் தேய்ந்தது.'

"இது மியூசியம் கார்டோ, நோட்டீஸோ?" என்றார். "ஆபத்து எண்டெல்லாம் எழுதினா கமிட்டி என்ன சொல்லும்? காலம் கிடக்கிற கிடையில."

"அதை எடுத்துட்டா துளைக்கு அர்த்தமே இல்ல சார்."

அவர் பெட்டியைத் திறந்தார். முதல் தடவையாகப் பூதக்கண்ணாடியை எடுத்தார். துறவியின் முகத்தின் மேல் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பெருவிரல் தானாகவே அந்த மூக்கின் மேல் போய் நின்றது.

"பிள்ளை, இவர்தானோ எங்கட சபைகளுக்கெல்லாம் வழி வெட்டினவர்?"

"ஆமா சார். உங்க கோயிலுக்கும் இவர்தான் ஆரம்பம்."

"சின்னனில இருந்து பிரசங்கத்தில பேர் கேட்டிருக்கிறன். முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை கிழமையா என்ர மேசைக்கு எதிரில கிடந்திருக்கிறார் மனுசன். டைப் அடியும். ஒரு சொல்லும் மாத்த வேண்டாம். கமிட்டி கேட்டா நான் கதைக்கிறன்."

கமிட்டி கேட்டது. அவர் கதைத்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் குரல் ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. கடைசியில் கதவு திறந்தது, "மற்ற முகங்களுக்கும் எழுதும்" என்றார். பெட்டி ஸ்டோருக்குப் போகவில்லை, முன் அறைக்குப் போனது. நானும் தோட்டத்துக்குப் போகவில்லை. பால் கொட்டகை இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக அம்மாவே அந்தக் கிராணியிடம் போய்ச் சொன்னாள். "எம்புள்ளைக்கு நேரம் இல்ல" என்றாளாம்.

திறந்த நாளில் முன் அறையின் ஓரத்தில் நின்று கவனித்தேன். சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர் என்று யார் வந்தாலும் கார்டைப் படித்ததும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து மூக்கைத் தேடினார்கள். ஒவ்வொரு தலை குனியும்போதும் எனக்குள் ஒரு துள்ளல். கார்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது என்ற குறை அன்றைக்குத்தான் உறுத்தியது. மறுநாள் யாரையும் கேட்காமல் அதன் கீழே தமிழில் ஒன்று எழுதி வைத்தேன். தலைமைக் கிராணி பார்த்தார். கோணலாக இருக்கிறது என்று நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் தோட்டத்துக்காரர்கள் யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கேட், சோதனை, பஸ், ஊரடங்கு. அம்மாகூட வரவில்லை.

அதனால் போன வெள்ளிக்கிழமை நானே டுரியான் துங்கால் ஸ்டேஷனுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி முகங்களைக் காட்டுவதற்குப் பர்மிட் கேட்டேன். கூட்டத்துக்கு ஒன்று, டின்னுக்கு ஒன்று. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, "எல்லாருக்கும் தாடிதானா?" என்றார்.

"ஒருவருக்கு இல்லை சார். அவரால்தான் எல்லாம்" என்றேன்.

அப்பா பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் துடைத்துவைத்துவிட்டாராம், தோட்டத்து லாரிக்காரர் வந்து சொன்னார். துறவிக்கு மட்டும் வெள்ளித்தாளில் இன்னொரு பிரதி செய்து, மேலே ஊசியால் துளையிட்டு, நூலும் கோத்துவிட்டேன். அது அப்பாவுக்கு. டின் இப்போது என் மடியில் இருக்கிறது. பஸ் மலாக்காவை விட்டுக் கிளம்பிவிட்டது. உள்ளே போகிறவர்களைச் சோதிப்பதில்லைதான், ஆனாலும் கேட்டில் அந்த அக்கா கேட்பதற்கு முன்பே டின்னைத் திறந்து நீட்டப்போகிறேன்.